நான்காம் மாடியில் இரண்டு குளிர்காலம்

என் கணவர் கல்யாண மண்டபங்களில் சமையல் வேலை செய்தவர். முகூர்த்த மாதங்களில் வீட்டுக்கு வந்து தூங்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது. ஆடி, மார்கழி வந்துவிட்டால் வேலையே இருக்காது. நான் ஒரு பட்டு முதலாளி வீட்டுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தறியில் ஊடு இழைக்குப் போகும் நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தரும் வேலை அது. ஆரணியில் எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் நாளைத் தள்ளின.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். வேலூரில் ஒருவர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு டாக்டர் படிக்க அனுப்பும் தொழில் செய்துகொண்டிருந்தார். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, மெஸ் நடத்த ஒரு சமையல்காரர் வேண்டும், மாவு அரைக்கவும் காய் நறுக்கவும் மனைவியையும் கூட்டி வரலாம், குழந்தை மட்டும் கூடாது என்றார். எங்களுக்கு அப்போது மூன்று வயதில் ஒரு பெண். நான் முடியாது என்றுதான் சொன்னேன்.

"ஆறு மாசம். அப்பால பாப்பாவையும் இட்டுகினு வந்துர்லாம்," என்றார் என் கணவர்.

இரண்டு தெரு தள்ளி இருந்த என் அக்காவுக்கு இரண்டு பையன்கள். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் ரெண்டோட இது மூணு. நீ போய்ட்டு வா," என்றாள். நான் கிளம்பியபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஊரில் எல்லோரும் ரஷ்யா என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது ரஷ்யா இல்லை, ஒரு காலத்தில் அதோடு சேர்ந்திருந்து பிறகு பிரிந்துபோன கிர்கிஸ்தான் என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. விமானத்திலிருந்து இறங்கி, ஒரு பகல் முழுக்க மலைப்பாதையில் வேனில் போனோம். ஊரின் பெயர் ஓஷ். நடுவில் ஒரு குன்று, பக்கத்தில் ஒரு ஆறு, பெரிய சந்தை. முதல் பார்வைக்கு ஊர் அழகாகத்தான் இருந்தது.

எங்களுக்குக் கொடுத்த வீடு ஊர் எல்லையில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில். பக்கத்துப் பட்டு மில்லின் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்து அரசாங்கம் கட்டியது. ஒரே மாதிரி ஏழெட்டுக் கட்டடங்கள் வரிசையாக நின்றன. படிக்கட்டில் ஒரு விளக்கும் இல்லை. பல்பு போட்டால் யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வாசலில் சாக்கடைக் குழிகளுக்கு மூடி கிடையாது. இரும்பு மூடிகளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டிருந்தார்கள். அதனால் எல்லோரும் தரையைப் பார்த்தே நடந்தார்கள். வீட்டுக்குள் ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்கு அடியில் சுடுதண்ணீர் ஓடுவதற்கான இரும்புப் பட்டைகள் இருந்தன. குளிர்காலத்தில் ஊருக்கே ஒரே இடத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியாக அனுப்புவார்களாம். அது நின்று பல வருடம் ஆகியிருந்தது. சிலர் அந்தப் பட்டைகளையும் அறுத்து விற்றுவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்தன. தொட்டால் கை சில்லென்றிருக்கும்.

முதல் இரண்டு மாதம் நானும் மெஸ்ஸுக்குப் போனேன். மாவு அரைத்தேன், வெங்காயம் உரித்தேன். நாற்பது, ஐம்பது பிள்ளைகள். நாமக்கல், திருவண்ணாமலை, கடலூர் என்று பல ஊர்ப் பேச்சு காதில் விழும். அந்தச் சத்தத்தில் எனக்கு ஊர் அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. பிறகு மெஸ்ஸைப் பையன்கள் விடுதிக்குள்ளேயே மாற்றினார்கள். அங்கே பெண்கள் வரக் கூடாது என்று சட்டம். என் வேலைக்கு உள்ளூர்ப் பையன் ஒருவனை வைத்துக்கொண்டார்கள். விடுதியில் கரண்ட் ஹீட்டர் உண்டு. பனி விழுந்தால் காலையில் வண்டி கிடைக்காது என்று என் கணவர் அங்கேயே படுத்துக்கொள்ளத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார், ஒரு தூக்கில் சாம்பாரும் இன்னொன்றில் சோறும் எடுத்துக்கொண்டு. மற்ற நாளெல்லாம் நான் தனியாகத்தான் இருந்தேன்.

தனிமை என்ன செய்யும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் காலையில் ஆரம்பித்து ராத்திரி வரைக்கும் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் யார் தும்மினாலும் யாரென்று சொல்லிவிடலாம். இங்கே சத்தமே இல்லை. குளிர் ஏற ஏற ஒவ்வொருவரும் வீட்டுக்குள் போய்க் கதவை இரண்டு பூட்டுப் போட்டுப் பூட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் மளமளவென்று பனி விழுந்தது. ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகாக இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு ஆள் இல்லை. வாய்விட்டுச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

எதிர் வீட்டு அம்மாவைப் பழக்கமாக்கியது தண்ணீர். பனி வந்ததும் குழாய்க்குள் தண்ணீர் உறைந்துபோனது. முற்றத்தில் இருந்த ஒரே ஒரு கை பம்பில்தான் எல்லோரும் பிடிக்க வேண்டும். இரண்டு கையிலும் வாளியோடு நான் படியேறும்போது, சிந்திய தண்ணீர் உறைந்து கிடந்த படியில் கால் வழுக்கியது. பின்னால் வந்தவர் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வாளி போனது, நான் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் வெள்ளைக்காரப் பெண்மணி, ஐம்பது வயதுக்கு மேல், ஆண்பிள்ளை கோட்டு, தலையில் கம்பளித் துணி. அவர் தன் வாளியில் இருந்து பாதியை எனக்கு ஊற்றிவிட்டு, எதிர்க் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். இத்தனை நாள் அந்தக் கதவுக்குப் பின்னால் ஆளே இல்லை என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் கொஞ்சம் உப்புமா கிண்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "அக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்த ஊர்ப் பேச்சில் அக்கா என்றால் அண்ணனாம். அது எனக்குப் பல நாள் கழித்துத்தான் புரிந்தது. ஆனாலும் கடைசி வரைக்கும் நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவரும் பதிலுக்கு என்னை அக்கா என்றே கூப்பிட்டார்.

அவர் ரஷ்யக்காரர். பெற்றோர் காலத்திலேயே அங்கே வந்துவிட்டவர்கள். அந்தப் பட்டு மில்லில்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்திருந்தார். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் வேலை தேடி ரஷ்யாவுக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு இருந்துவிட்டான். இதையெல்லாம் அவர் போட்டோக்களைக் காட்டியும், கையால் சைகை செய்தும், நாலைந்து வார்த்தை சொல்லியும் எனக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. தண்ணீருக்கு வாதா, ரொட்டிக்கு ஹ்லேப், குளிருக்கு ஹோலத்னா. நான் முதலில் கற்றவை இவைதான். அங்கே வாழ்வதற்கு அவ்வளவே போதுமானதாகவும் இருந்தது.

அவர் வீட்டுக்குள் முதல் முறை போனபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜன்னல்கள் எல்லாவற்றிலும் பட்டுத்துணி. நாலு மடிப்பு, ஐந்து மடிப்பாக மடித்து, சட்டத்தில் ஆணி வைத்து அடித்திருந்தார். மஞ்சளும் பச்சையும் சிவப்பும் ஒன்றுக்குள் ஒன்று ஓடும் பட்டு. எங்கள் ஊரில் கை ஈரமாக இருந்தால் பட்டு நூலைத் தொட விடமாட்டார்கள். நான் ஆணி அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புரிந்துகொண்டு, அறை மூலையைக் காட்டினார். அங்கே இன்னும் நாலைந்து சுருள் கிடந்தன. மில் மூடுவதற்கு முந்தைய வருடங்களில் சம்பளத்துக்குக் காசில்லாமல் துணியாகக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோர் வீட்டிலும் அதே துணி. எல்லோரும் அதையே சந்தைக்குக் கொண்டுபோனால் யார் வாங்குவார்கள்? கடைசியில் காற்று வராமல் அடைக்கத்தான் அது உதவியது.

பனி கடுமையானதும் கரண்ட் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வந்தால் பெரிது. அவர் வீட்டில் ஒரு சின்ன இரும்பு அடுப்பு இருந்தது. புகைக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருந்தார். பல வீடுகளில் அப்படித்தான், கட்டடத்தின் சுவர் முழுக்க ஜன்னலுக்கு மேலே கரி அப்பியிருக்கும். என்னிடம் அடுப்பு இல்லை. ஒரு காலையில் என் கை விரல்கள் மடங்கவில்லை. அவர் வந்து பார்த்தார். என் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அன்றிலிருந்து குளிர் விடும் வரை இருவரும் ஒரே அறையில், ஒரே அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வந்தால் மூன்று பேரும் சேர்ந்து சாம்பார் சாதம் சாப்பிடுவோம். எதிர் வீட்டு அம்மாவுக்குக் காரம் ஆகாது. கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிடுவார். ரொட்டியும் உருளைக்கிழங்குமாக ஒரு வாரம் ஓட்டிய பிறகு யாருமே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

எரிக்க எதுவும் கிடைக்காததுதான் பெரிய பாடு. வயல்காரர்கள் காய்ந்த பருத்திமாறு கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து விற்பார்கள், அது நிமிஷத்தில் எரிந்துபோகும். முற்றத்து மரங்களையும் உட்காரும் பெஞ்சுகளையும் முந்தைய வருடங்களிலேயே வெட்டி எரித்துவிட்டிருந்தார்கள். நாங்கள் அவருடைய புத்தக அலமாரியை எரித்தோம். பிறகு நாற்காலிகள். பிறகு ஒரு அறையின் மரத்தரையைப் பெயர்த்து எடுத்தோம். தரைப் பலகையைக் கடப்பாறையால் நெம்பும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் குனிந்தே இருந்தேன்.

காசு வேண்டும் என்றால் சந்தைக்குப் போகும் ரோட்டு ஓரத்தில் ஒரு ரப்பர் விரிப்பை விரித்துச் சாமான்களைப் பரப்பி உட்காருவார். அந்த ரோடு நெடுக அப்படிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். டீ கோப்பை, பழைய தண்ணீர்க் குழாய், கண்ணாடிக் குடுவை, குழந்தைச் செருப்பு, பதக்கம். வாத்தியார் வேலை பார்த்தவர்களும் நர்சுகளும் அதில் இருந்தார்கள் என்று அவர் சொன்னார். யாரும் கூவி விற்கமாட்டார்கள். வாங்க வருபவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். புடவைக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்க வந்த கூட்டத்தில் அவருடைய கோப்பைகள் இரண்டு மூன்று விற்றுப்போனதும் உண்டு. அவருக்கு அதில் சந்தோஷம். எனக்கும்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாங்கள் இருவரும் சேர்ந்து தபால் ஆபீஸுக்குப் போவோம். போன் அங்கேதான். கட்டணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால், கவுண்டரில் இருப்பவர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூண்டைக் காட்டுவார். எனக்கு ஆரணியில் எங்கள் தெரு முனை எஸ்டிடி பூத். அந்த நேரத்துக்கு அக்கா குழந்தையோடு வந்து காத்திருப்பாள். குழந்தை பேசாது. அதன் மூச்சு மட்டும் கேட்கும். "அம்மாடா, பேசு," என்று அக்கா சொல்வது கேட்கும். பிறகு அது ஓடிவிடும்.

ஒரு நாள் போனில் அக்கா கேட்டாள், "குளுரு எப்டி கீது அங்க?"

"ஒண்ணும் தெரில. வூடெல்லாம் சூடு பண்ணி வுட்டு கீறாங்க. ஸ்வெட்டர்கூட வோணாம்," என்றேன்.

பக்கத்துக் கூண்டில் எதிர் வீட்டு அம்மா தன் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தது பலகைத் தடுப்புதான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். தெப்லோ. கதகதப்பு. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தெப்லோ, தெப்லோ. கோட்டுக்கு மேல் இரண்டு சால்வை போர்த்தியிருந்தார்.

திரும்பி வரும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆற்றுப் பாலத்தில் காற்று முகத்தை அறுத்தது. அவர் என் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பனி உருகி, சேறு காயத் தொடங்கிய சமயத்தில் அவர் மகன் சொல்லாமல் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும், பெரிய உடம்பு. வாசலிலேயே நின்றுவிட்டான். பெயர்த்த தரை, அடுப்பு, கரி படிந்த சுவர், மூலையில் என் படுக்கை. ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு கத்தத் தொடங்கினான். அவன் திரும்பத் திரும்பக் கேட்டது ஏன், ஏன் என்று. அது மட்டும் எனக்குப் புரிந்தது. அவன் அம்மா கெட்டிலில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். அவன் ஜன்னலுக்குப் போய், ஆணியோடு பட்டுத்துணியைப் பிய்த்து இழுத்தான். சர்ரென்று கிழிந்தது. வெளிச்சம் உள்ளே வந்ததும் அறை இன்னும் மோசமாகத் தெரிந்தது. அவன் அங்கேயே, நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். நான் என் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரே வாரத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போனான். அவருக்குப் போக விருப்பமில்லை. மகன் வீட்டில் இரண்டு அறை, ஐந்து பேர் என்று எனக்கு விரல்விட்டுக் காட்டினார். மருமகளைப் பற்றிச் சொல்லும்போது உதட்டைப் பிதுக்கினார். ஆனால் அவன் முன்னால் சரி, சரி என்று தலையாட்டினார். வீட்டை மலைப்பக்கத்தில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு வந்த விலைக்குக் கொடுத்தார்கள். அடுப்பையும் பட்டுச் சுருள்களையும் எனக்குக் கொடுத்தார். வண்டி கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே இருந்து என் கையை அதன் மேல் வைக்கப் போனேன், அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

ஆறு மாதம் எப்போதோ தாண்டியிருந்தது, அந்தக் குளிருக்குக் குழந்தையைக் கூட்டி வர எங்களுக்கு மனம் வரவில்லை. இரண்டாவது குளிர்காலம் வந்தபோது எனக்கு அடுப்பு இருந்தது. பட்டுத்துணியை நானே ஜன்னலில் அடித்தேன். எப்படி மடிக்க வேண்டும், எங்கே ஆணி வைத்தால் காற்று நிற்கும் என்று தெரிந்திருந்தது. எதிர் வீட்டுப் புதுக் குடும்பம் பால்கனியில் இரண்டு செம்மறி ஆடு வளர்த்தது. நாலு குழந்தைகள். அந்தப் பெண் சில சமயம் ஒரு கிண்ணம் தயிரை என் கதவில் நீட்டிவிட்டு, நான் வாங்கியதும் போய்விடுவாள். அவளுக்கு வேலை ஓயாது, எனக்கு அவள் மொழி தெரியாது. அங்கே கடைசிக் குழந்தை அழுதால் நான் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். அடங்கும் வரை நகரமாட்டேன். பகலிலேயே படுத்துக் கிடக்க ஆரம்பித்தேன். அடுப்பு பற்றவைப்பதுகூட யாருக்காக என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தூக்கோடு வந்தார். நான் கோட்டைப் போட்டபடி குளிர்ந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வாளியில் பனிக்கட்டி. அவர் கூப்பிட்டது என் காதில் விழவில்லை என்று பிறகு சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டதும்தான் திரும்பினேனாம்.

"நான் ஊருக்குப் போறேங்க," என்றேன்.

அவர் தூக்கைத் தரையில் வைத்தார். "உன்ன இங்க இட்டுகினு வந்து வுட்டது நான்தான," என்றார். அவ்வளவுதான். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார்.

லீவுக்கு ஊருக்குப் போன பிள்ளைகளோடு என்னை அனுப்பிவைத்தார். வேறு சமையல்காரர் கிடைக்கும் வரை இருந்துவிட்டு ஏழெட்டு மாதம் கழித்து அவரும் வந்து சேர்ந்தார். பட்டுத்துணியை ஜன்னலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் அக்கா நின்றிருந்தாள். என் பெண் அவள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, வூட்டுக்குப் போலாம்," என்றது. அக்கா பையன்கள் கூப்பிடுவதைப் பார்த்து அதுவும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தது. அக்கா முகம் சுருங்கிப்போனது. "இதாண்டி உங்கம்மா," என்று அவள் எவ்வளவு இழுத்தும் அது என்னிடம் வரவில்லை. நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

தெருவில் எல்லோரும் பார்க்க வந்தார்கள். என்ன வாங்கி வந்தாய், பனி எப்படி இருக்கும், அங்கே பெண்கள் எல்லாம் நல்ல நிறமாமே என்று கேட்டார்கள். தரையைப் பெயர்த்து எரித்தோம் என்று சொன்னேன். நம்பவில்லை. வெள்ளைக்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்து டீ கோப்பை விற்கிறார்கள் என்றதும், நான் கையில் காசை வைத்துக்கொண்டு இல்லாத கதை சொல்வதாக ஒரு பெண்மணி என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். மறுபடியும் தார் சுற்ற உட்கார்ந்தேன். சுற்றிலும் அத்தனை தறிச் சத்தம், அத்தனை பேச்சு. அதற்கு நடுவில் நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்தேன்.

குழந்தை ராத்திரி அக்கா வீட்டில்தான் தூங்கியது. பகலில் என்னிடம் விட்டுவிட்டு அக்கா நைசாகப் போய்விடுவாள். அது வாசலில் உட்கார்ந்து அழும். நான் கட்டாயப்படுத்தவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருப்பேன். அது நூலைப் பார்க்க வரும், போகும். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் படுக்க ஆரம்பித்தது. அக்காவைப் பெரிம்மா என்றும் என்னை அம்மா என்றும் கூப்பிட அதற்கு வெகுநாள் பிடித்தது. இரண்டு வார்த்தையையும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லும்.

என் பெண்ணுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஒரு நாள் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அங்கே எனக்கு யார் துணை என்று கேட்டாள். நான் எதிர் வீட்டு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அடுப்பு, சாம்பார், மகன் வந்தது, கூட்டிக்கொண்டு போனது, எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"இப்ப அவங்க புள்ள கூடதான கீறாங்க?"

"ஆமா."

"அப்ப நல்லாதான் இருப்பாங்க," என்றாள்.

நான் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு, வாசலில் காத்திருந்த பெரியம்மா பையன்களோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.